ஓட்ஸ் கிண்ணத்தையும் பர்கரையும் தராசில் வைத்துப் பார்த்த ஏழு மாதங்கள்

இரத்தப் பரிசோதனைத் தாளில் எல்டிஎல், அதாவது கெட்ட கொலஸ்ட்ரால், என்ற வரிக்கு நேராக 168 என்று இருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன நட்சத்திரக் குறி. டாக்டர் அதைப் பேனாவால் வட்டமிட்டுவிட்டு, "காலைல என்ன சாப்பிடுறீங்க?" என்று கேட்டார்.

எனக்கு அப்போது 39 வயது. எட்டு வருடமாக இரவுப் பணி. காலை ஆறரைக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் கண்ணில் படும் முதல் வெளிச்சம் ஒரு துரித உணவுக் கடையின் பெயர்ப் பலகைதான். வாரத்தில் நான்கு நாள், சில வாரம் ஐந்து நாள், ஒரே ஆர்டர்: சீஸ் வைத்த இரட்டை பர்கர், மீடியம் ஃப்ரைஸ், அரை லிட்டர் கோலா. அதை அப்படியே சொன்னேன். அவர் திட்டவில்லை. "மூணு மாசம் மாத்திப் பாருங்க. அப்புறம் மாத்திரையப் பத்திப் பேசலாம். ஓட்ஸ் சாப்பிட்டுப் பழகுங்க" என்றார்.

அன்று சாயங்காலமே ஓட்ஸ் வாங்கிவிட்டேன். ஃபாஸ்ட் ஃபுட் கெடுதல், ஓட்ஸ் நல்லது, ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடித்தால் வேலை முடிந்தது என்று முழுமனதோடு நம்பினேன். அந்த நம்பிக்கையில் இரண்டு மாதம் வீணாகப் போனது. அந்த இரண்டு மாதத்தையும் அதற்குப் பிறகு தெரிந்துகொண்டதையும் எழுதி வைத்தால் யாருக்காவது பயன்படும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் வாங்கியது இன்ஸ்டன்ட் ஓட்ஸ். சின்னச் சின்னப் பொட்டலங்களாக, இனிப்பும் மணமும் சேர்த்து, வெந்நீர் ஊற்றினால் இரண்டு நிமிடத்தில் தயாராகிவிடும் வகை. இரவுப் பணி முடிந்து வருகிறவனுக்கு அதைவிட வசதி என்ன வேண்டும்? ஒரு பொட்டலம் போதவில்லை, அதனால் இரண்டு. வெந்நீருக்குப் பதில் ஒரு டம்ளர் பால். மேலே தேன், ஒரு கைப்பிடி உலர் திராட்சை, ஒரு கைப்பிடி பாதாம். ருசியாக இருந்தது. உடம்புக்கு நல்லது செய்கிறோம் என்ற நிறைவும் இருந்தது. ஆனால் பதினோரு மணிக்குத் தூக்கத்தின் நடுவில் பசித்து எழுந்துவிடுவேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை.

என் அக்கா ஒரு மருத்துவமனையில் உணவியல் ஆலோசகராக இருக்கிறாள். இரண்டாவது மாதக் கடைசியில் வீட்டுக்கு வந்தவள், நான் கிண்ணத்தைத் தயார் செய்வதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"தேன் எவ்வளவு ஊத்துறடா?"

"ரெண்டு ஸ்பூன்தான்க்கா."

"எந்த ஸ்பூன்?"

கையிலிருந்ததைக் காட்டினேன். சாதம் பரிமாறுகிற அளவுக்கு இல்லை, ஆனால் டீஸ்பூனும் இல்லை. பையிலிருந்து ஒரு சமையலறைத் தராசை எடுத்து மேசையில் வைத்தாள். எனக்காகவே வாங்கி வந்திருக்கிறாள். கிண்ணத்தை வைத்துப் பூஜ்யம் ஆக்கிவிட்டு, "வழக்கம்போல ஊத்து" என்றாள். ஊற்றினேன். 42 கிராம் காட்டியது. அந்தத் தேனில் மட்டும் ஏறத்தாழ 34 கிராம் சர்க்கரை. அப்புறம் பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னாள். ஒரு பொட்டலத்தில் 12 கிராம் சர்க்கரை. இரண்டு பொட்டலம் என்றால் 24. ஆக, பாலிலும் திராட்சையிலும் இயல்பாக இருக்கும் இனிப்பைக் கணக்கில் சேர்க்காமலேயே என் காலை ஓட்ஸில் 58 கிராம் சர்க்கரை.

நான் அவ்வளவு மனக்கட்டுப்பாட்டோடு விட்ட அரை லிட்டர் கோலாவில் இருந்தது 53 கிராம்.

உலக சுகாதார நிறுவனம் சேர்க்கப்படும் சர்க்கரைக்கு வைத்திருக்கும் எல்லை, ஒரு நாளின் மொத்தக் கலோரியில் பத்தில் ஒரு பங்குக்குக் கீழே. 2000 கலோரி சாப்பிடுகிற ஒருவருக்கு 50 கிராம். முடிந்தால் 25 கிராமுக்குள் இருப்பது இன்னும் நல்லது என்கிறது. தேனும் இந்தக் கணக்கில் வரும், பழச்சாறும் வரும். தேன் இயற்கையானது என்பதற்காக விலக்குக் கிடையாது. நான் காலை ஏழரைக்கே நாள் முழுதுக்கான எல்லையைத் தாண்டிக்கொண்டிருந்தேன். கலோரியைக் கூட்டினோம். இரண்டு பொட்டலம் 320, பால் 150, தேன் 130, திராட்சை 120, பாதாம் 230. மொத்தம் 950. பழைய பர்கர், ஃப்ரைஸ், கோலா மூன்றும் சேர்ந்து சுமார் 1100. வித்தியாசம் அவ்வளவுதான்.

பாதாமிலும் பாலிலும் நல்ல சத்து இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அளவு தெரியாமல் கொட்டுகிறபோது எந்த நல்ல பொருளும் கணக்கை மாற்றிவிடும். அன்றிலிருந்து அந்தத் தராசு மேசையிலேயே இருந்தது. ஓட்ஸ், பர்கர் என்று பெயரை வைத்துப் பேசுவதை விட்டுவிட்டேன். கிண்ணத்தில் எவ்வளவு விழுகிறது, பொட்டலத்தில் என்ன எழுதியிருக்கிறது, அதை மட்டும்தான் பார்த்தேன்.

முதலில் வெறும் ஓட்ஸைப் பார்ப்போம். எதுவும் கலக்காத ரோல்டு ஓட்ஸ், அதாவது தானியத்தை ஆவியில் வேகவைத்துத் தட்டையாக நசுக்கியது. 100 கிராமில் சுமார் 380 கலோரி, 13 கிராம் புரதம், 6.5 கிராம் கொழுப்பு, 10 கிராம் நார்ச்சத்து. சர்க்கரை ஒரு கிராம் அளவுக்குத்தான். சோடியம் இல்லை என்றே சொல்லிவிடலாம். மக்னீசியம் 130 மில்லிகிராமுக்கு மேல், இரும்பு 4 மில்லிகிராமுக்கு மேல். கொழுப்பிலும் பெரும்பகுதி நிறைவுறாத வகை. ஒரு ஆள் ஒரு வேளைக்கு எடுப்பது 40 முதல் 50 கிராம். 50 கிராம் என்றால் 190 கலோரி, ஆறரை கிராம் புரதம், 5 கிராம் நார்ச்சத்து.

இந்த நார்ச்சத்தில் ஒரு பகுதிதான் டாக்டர் மனதில் இருந்தது. பீட்டா குளுக்கன் என்று பெயர். ஓட்ஸைத் தண்ணீரில் போட்டுக் கிளறும்போது அதைக் கண்ணாலேயே பார்க்கலாம். முதல் இரண்டு நிமிடம் தண்ணீர் தண்ணீராகவே இருக்கும், செதில்கள் தனித்தனியாகச் சுற்றும். நான்காவது நிமிடத்தில் கரண்டி கொஞ்சம் கனக்கும். ஆறாவது நிமிடத்தில் கரண்டியைத் தூக்கினால் பளபளப்பாக ஒரு கொழகொழப்பு நூல்போல இழுத்துக்கொண்டு வரும். அந்தக் கொழகொழப்புதான் பீட்டா குளுக்கன். சிலருக்கு அது பிடிப்பதில்லை, எனக்கும் முதலில் பிடிக்கவில்லை. அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்த பிறகு அதற்காகவே இன்னும் ஒரு நிமிடம் கூடுதலாகக் கிளறுகிறேன்.

கொழுப்பைச் செரிக்கக் கல்லீரல் பித்தநீரைச் சுரக்கிறது. அதிலிருக்கும் பித்த அமிலங்களைக் கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்துதான் தயாரிக்கிறது. வேலை முடிந்ததும் அவற்றில் பெரும்பகுதியைக் குடல் திரும்ப உறிஞ்சி மறுபடி கல்லீரலுக்கே அனுப்பிவிடும். ஓட்ஸின் கொழகொழப்பு அவற்றில் ஒரு பங்கைப் பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. குறைந்ததை ஈடுகட்ட, கல்லீரல் இரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை எடுத்துப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கிறது. எல்டிஎல் குறைவது இப்படித்தான். ஒரு நாளைக்கு 3 கிராம் பீட்டா குளுக்கன் என்ற அளவை வைத்து, ஓட்ஸ் பாக்கெட்டில் இந்தப் பயனைக் குறிப்பிட அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 1997-லேயே அனுமதித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் பிறகு அதே 3 கிராமை ஏற்றுக்கொண்டது. 3 கிராம் கிடைக்கச் சுமார் 75 கிராம் ஓட்ஸ் வேண்டும். ஒரு சின்னக் கிண்ணத்தில் அது வந்துவிடாது. காலையில் 50 கிராம், மிச்சத்தை வேறு ஒரு வேளையில் என்று பிரித்துக்கொண்டேன்.

எவ்வளவு குறையும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஓட்ஸால் மட்டும் எல்டிஎல் ஐந்து, ஏழு சதவீதம் குறைந்தால் அதுவே நல்ல பலன். ஓட்ஸ் சாப்பிட்டதால் மாத்திரையே தேவையில்லை என்று யாராவது அடித்துச் சொன்னால் நம்ப வேண்டாம். அதேபோல், டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை ஓட்ஸை நம்பி நிறுத்தவே கூடாது.

இனி பர்கர். ஒரு நாள் காலை அதே ஆர்டரை வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்து தராசில் பிரித்து வைத்தேன். ஃப்ரைஸ் 110 கிராமுக்குக் கொஞ்சம் மேலே. கையில் பிடித்தால் ஒன்றுமே இல்லை. ஆனால் 340 கலோரி. அதே 340 கலோரிக்குப் பாலில் காய்ச்சிய ஓட்ஸ் எடுத்தால் கிண்ணம் நிறைய, 350 கிராம் வரும். பர்கரின் பன்னைத் தூக்கிப் பார்த்தேன். உள்பக்கம் சாஸ் ஊறி மஞ்சளாக இருந்தது. சீஸ் இறைச்சியோடு ஒட்டிக்கொண்டு தனியாக வரவில்லை. மொத்த பர்கர் சுமார் 550 கலோரி, 30 கிராம் கொழுப்பு, அதில் 10 கிராமுக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, சோடியம் 1000 மில்லிகிராமை ஒட்டி. ஒரு நாள் முழுவதற்கும் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் சோடியம் எல்லை 2000 மில்லிகிராம். உப்பாகச் சொன்னால் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூனுக்கும் குறைவு.

இந்த இடத்தில் என்னை ஒரு விஷயம் நிறுத்தியது. ஃப்ரைஸ்தான் உப்பு என்று நான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன். விரலை நக்கினால் உப்புக் கரிக்கிறதே! ஆனால் மீடியம் ஃப்ரைஸில் இருக்கும் சோடியம் 250 மில்லிகிராமை ஒட்டித்தான். பர்கரில் அதைப்போல நான்கு மடங்கு. ஃப்ரைஸின் உப்பு மேலே தூவியது, நேராக நாக்கில் படுகிறது. பர்கரின் உப்பு பன்னில், சீஸில், சாஸில், ஊறுகாய் வெள்ளரியில், இறைச்சியில் என்று ஐந்து இடத்தில் கரைந்து ஒளிந்திருக்கிறது. கூடவே சாஸின் இனிப்பு அதை மூடிவிடுகிறது. உப்பை நாக்கால் அளக்க முடியாது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதைக் கட்டாயம் கவனிக்க வேண்டும். "நான் ஃப்ரைஸ் தொடுறதில்ல, பர்கர் மட்டும்தான்" என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு இருக்கிறார்கள்.

ஓட்ஸிலும் இந்த ஆபத்து உண்டு. இனிப்பு வேண்டாம் என்று முடிவெடுத்து அடுத்து நான் வாங்கியது, உப்பும் மசாலாத் தூளும் கலந்து வரும் ஓட்ஸ். அக்கா படிக்கச் சொன்னதால் இந்த முறை கடையிலேயே பின்பக்கத்தைப் பார்த்தேன். வெறும் ஓட்ஸில் இல்லாத சோடியம் அதில் நூற்றுக்கணக்கான மில்லிகிராமாக வந்து உட்கார்ந்திருந்தது. திருப்பி வைத்துவிட்டேன்.

அப்புறம் ஒரு பயணத்தின்போது, துரித உணவுக் கடையிலேயே ஓட்ஸ் கோப்பை விற்றார்கள். மகிழ்ச்சியோடு வாங்கினேன். கடைப் பெயரைச் சொல்லப்போவதில்லை, இப்படிப்பட்ட கோப்பை பல இடங்களிலும் கிடைக்கிறது. பழத்துண்டு, க்ரீம், இனிப்புப் பாகு எல்லாம் ஏற்கெனவே கலந்தது. சத்து விவரத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். சுமார் 300 கலோரி, சர்க்கரை 30 கிராமுக்கு மேல், புரதம் 5 கிராம். அதே கடையில் சீஸ் வைத்த சின்ன பர்கரும் 300 கலோரிதான். அதில் சர்க்கரை 7 கிராம், புரதம் 15 கிராம். பதிலுக்குச் சோடியம் 700 மில்லிகிராம், நார்ச்சத்து பேருக்குத்தான். இந்த இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், சர்க்கரை நோய் உள்ளவருக்கு ஒரு பதிலும் இரத்த அழுத்தம் உள்ளவருக்கு வேறு பதிலும் சொல்வேன். "ஓட்ஸ்" என்று பலகையில் எழுதியிருப்பதை மட்டும் வைத்துச் சொல்ல மாட்டேன். அன்று பாகு கலக்காமல் தர முடியுமா என்று கேட்டிருக்க வேண்டும். இப்போதெல்லாம் கேட்கிறேன், பல கடைகளில் தருகிறார்கள்.

பர்கருக்கு நியாயமும் செய்ய வேண்டும். அந்த இரட்டை பர்கரில் 25 கிராம் புரதம் இருக்கிறது. இறைச்சியிலிருந்து வரும் இரும்பை உடல் எளிதாக எடுத்துக்கொள்ளும். துத்தநாகம் உண்டு, பி12 உண்டு. ஓட்ஸில் பி12 துளியும் இல்லை, வைட்டமின் சி-யும் இல்லை. இரும்பு எண்ணிக்கையில் நன்றாகத் தெரிந்தாலும், தானியத்திலேயே இருக்கும் ஃபைட்டேட் அதை உடல் முழுதாக எடுத்துக்கொள்ள விடாது. அதனால் ஓட்ஸோடு ஒரு ஆரஞ்சோ, கொய்யாவோ, ஸ்ட்ராபெரியோ சாப்பிடச் சொல்கிறாள் அக்கா. அவற்றின் வைட்டமின் சி இரும்பை உறிஞ்ச உதவும். ஓட்ஸ் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பால் அதைச் சரிசெய்துவிடும். ஓட்ஸை மட்டுமே மூன்று வேளையும் சாப்பிட்டு எடை குறைக்கிறேன் என்று கிளம்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. தனி ஓட்ஸ் முழு உணவு ஆகாது.

அது எனக்கே தெரிந்தது மூன்றாவது மாதத்தில். சர்க்கரைப் பயத்தில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, 40 கிராம் ஓட்ஸைத் தண்ணீரில் மட்டும் காய்ச்சிக் குடித்தேன். 150 கலோரி, 5 கிராம் புரதம். ஒன்பதரைக்கே வயிறு கேட்டது. ஒரு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். எட்டாவது நாள் வேலை முடிந்து வரும் வழியில் கால் தானாக அந்தக் கடைக்குப் போய்விட்டது. இரட்டை பர்கரோடு ஃப்ரைஸில் பெரிய அளவும் வாங்கினேன். ரொம்பக் குறைத்தால் இப்படித்தான் திருப்பி அடிக்கும் என்று அக்கா அன்று மாலை போனில் சொன்னாள். திட்டுவாள் என்று பயந்திருந்தேன். "பசிக்கிற மாதிரி சாப்பாடு போட்டுக்கிட்டா யாரால தாங்க முடியும்? புரதம் சேர்டா" என்றாள்.

பிறகு நிலைத்தது இதுதான்: 50 கிராம் ரோல்டு ஓட்ஸ், 200 மில்லி பால், கொஞ்சம் தண்ணீர், பாதி ஆப்பிள் நறுக்கியது, 15 கிராம் பாதாம், தராசில் வைத்து எண்ணினால் பன்னிரண்டு, பதின்மூன்று பருப்பு. கூடவே ஒரு வேகவைத்த முட்டை. மொத்தம் 520 கலோரி, 22 கிராம் புரதம், 8 கிராமுக்கு மேல் நார்ச்சத்து. பால், பழத்தின் இயல்பான இனிப்பைத் தவிர வேறு சர்க்கரை இல்லை. முதல் பத்து நாள் சப்பென்று இருந்தது. பட்டைப் பொடி ஒரு சிட்டிகை போட்டேன். மூன்றாவது வாரத்தில் ஆப்பிளே போதுமான இனிப்பாகத் தெரிந்தது. நாக்கு இவ்வளவு சீக்கிரம் பழகும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முட்டை சாப்பிடாதவர்கள் கெட்டித் தயிர் சேர்த்துக்கொள்ளலாம்.

பசி ஏன் இவ்வளவு வேறுபடுகிறது என்பதைத் தேடிப் படித்தபோது, 1995-இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் நடந்த ஒரு ஆய்வு கண்ணில் பட்டது. 38 உணவுகளை ஒவ்வொன்றாக 240 கலோரி அளவுக்குக் கொடுத்து, இரண்டு மணி நேரம் பசி எப்படி இருக்கிறது என்று கால் மணிக்கு ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண். ஓட்ஸ் கஞ்சிக்கு 209. ஃப்ரைஸுக்கு 116. எல்லாவற்றிலும் முதலிடம் வேகவைத்த உருளைக்கிழங்குக்கு, 323! ஃப்ரைஸும் உருளைக்கிழங்குதானே. அதே கிழங்கை மெல்லிசாக நறுக்கி, நீரை வெளியேற்றி, எண்ணெயை உள்ளே ஏற்றினால் வயிறு நிறைக்கும் தன்மை மூன்றில் ஒரு பங்காகிவிடுகிறது. பாவம் கிழங்கு, பழி முழுவதையும் அதுதான் சுமக்கிறது.

2019-இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிலையத்தில் நடந்த இன்னொரு சோதனை என்னை இன்னும் யோசிக்க வைத்தது. 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்து, இரண்டு வாரம் மிகையாகப் பதப்படுத்திய உணவும், இரண்டு வாரம் பதப்படுத்தாத உணவும் கொடுத்தார்கள். தட்டில் வைத்த கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, சோடியம் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ சமம். வேண்டிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு வந்த வாரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள், எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. வேகமாகவும் சாப்பிட்டிருக்கிறார்கள். நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். பர்கரும் ஃப்ரைஸும் ஒன்பது நிமிடம். ஓட்ஸும் முட்டையும் பதினெட்டு நிமிடம். வயிறு நிறைந்த செய்தி மூளைக்குப் போய்ச் சேர நேரம் வேண்டுமே.

ஓட்ஸிலும் எந்த வகை என்பது முக்கியம். தானியத்தை இரண்டு மூன்று துண்டாக வெட்டிய ஸ்டீல் கட், தட்டையான ரோல்டு, மெல்லிசாக்கி முன்பே வேகவைத்த இன்ஸ்டன்ட், மூன்றிலும் 100 கிராமுக்குச் சத்து கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் இரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகம் வேறு. கிளைசெமிக் குறியீடு முதல் இரண்டுக்கும் 55-ஐ ஒட்டி இருக்கும், இன்ஸ்டன்டுக்கு 80-ஐ ஒட்டி. என் பதினோரு மணிப் பசிக்கு இதுவும் ஒரு காரணம். ஸ்டீல் கட் வேக அரை மணி நேரம் ஆகும், விடுமுறை நாளில் மட்டும் செய்கிறேன். வேலை நாளில் ரோல்டு போதும். நேரமே இல்லாதவர்கள் ராத்திரியே பாலில் ஊறவைத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் காலையில் அப்படியே சாப்பிடலாம்.

ஒரு எச்சரிக்கை. நார்ச்சத்தே இல்லாமல் பழகிய வயிற்றில் திடீரென்று கொண்டுபோய்க் கொட்டினால் வாயுவும் உப்புசமும் வரும். எனக்கு முதல் வாரம் முழுக்க இருந்தது. 25 கிராமில் தொடங்கி வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டி, தண்ணீரும் நன்றாகக் குடித்தால் தொல்லை குறையும். குளூட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்கள், குளூட்டன் கலக்காதது என்று அச்சிட்ட ஓட்ஸை மட்டுமே, அதுவும் டாக்டரைக் கேட்டுவிட்டே சாப்பிட வேண்டும். வயலிலும் ஆலையிலும் கோதுமை கலந்துவிடுவது சாதாரணம்.

மூன்றாவது மாதப் பரிசோதனையில் எல்டிஎல் 161. டாக்டர் எதுவும் சொல்லவில்லை, நானே தேன் கதையைச் சொன்னேன். "சரி, இன்னும் நாலு மாசம் பாப்போம்" என்றார். ஏழாவது மாதம் 138. எடை ஐந்து கிலோ குறைந்திருந்தது. இதில் ஓட்ஸின் பங்கு கொஞ்சம்தான், சீஸும் வறுத்ததும் குறைந்ததும் எடை இறங்கியதும் சேர்ந்துதான் இந்த எண் வந்தது என்று அவரே விளக்கினார். எனக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது.

பர்கரை அடியோடு விடவில்லை. மாதத்தில் இரண்டு முறை, குழுவினர் சேர்ந்து போகும்போது நானும் போகிறேன். ஒற்றை பர்கர், தண்ணீர். ஃப்ரைஸ் சின்ன அளவு வாங்கி இருவர் பகிர்ந்துகொள்வோம். சாஸைத் தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்கிறேன், பாதிதான் தேவைப்படுகிறது. கோலாவை விட்டதுமட்டுமே 210 கலோரி மிச்சம். எதை முதலில் விடுவது என்று யாராவது கேட்டால் பானத்தைத்தான் சொல்வேன். வயிற்றையும் நிறைக்காது, ஒரு சத்தும் தராது.

போன வாரம் எங்கள் இரவுக் குழுவில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவன், இடைவேளையில் ஒரு ஓட்ஸ் பொட்டலத்தை நீட்டி, "அண்ணா, நீங்க சாப்பிடுறது இதுதானே? நானும் ஆரம்பிச்சிட்டேன்" என்றான். வாங்கித் திருப்பினேன். உட்பொருள் பட்டியலை எடை வரிசைப்படிதான் அச்சிடுவார்கள். முதலில் ஓட்ஸ், இரண்டாவதாகச் சர்க்கரை. இருவரும் உட்கார்ந்து அதைப் படித்தோம். "மேல தேனும் ஊத்துவேண்ணா, ஒரு ஸ்பூன்" என்றான்.

எந்த ஸ்பூன் என்று கேட்டேன். மறுநாள் இரவு தராசைப் பையில் வைத்து அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். இப்போது அது அங்கே மைக்ரோவேவ் பக்கத்திலேயே இருக்கிறது. என் வீட்டுக் கிண்ணத்தில் 50 கிராம் எந்தக் கோடுவரை வரும் என்று எனக்குத் தெரியும்.